ஈரச் சரக்கு

1

அத்தோவைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். நான் ரங்கூனுக்கு வந்து இந்த மாதத்தோடு இருபத்தைந்து வருடம் ஆகிறது என்று யாரோ உங்கள் பத்திரிகைக்குச் சொல்லியிருக்கிறார்கள். தொலைபேசியில் பேசிய தம்பி மரியாதையாகத்தான் கேட்டார். "தங்கக் கோபுரம், தேக்கு, பர்மா சாப்பாடு, நம்ம ஆளுங்க வாழ்க்கை, அப்படியே ஒரு ரவுண்டு சுவையா எழுதுங்க சார். அத்தோ கண்டிப்பா வரணும்."

வராது. சென்னையில் தள்ளுவண்டிக் கடையில் நின்று ஒரு தட்டு அத்தோ நூடுல்ஸ் தின்றுவிட்டுப் பர்மாவைத் தெரியும் என்று சொல்கிறவர்களை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தங்கக் கோபுரம் என் வீட்டு மொட்டை மாடியிலிருந்து தெரிகிறது. அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது அந்த மொட்டை மாடிக்குக் கீழே, எங்கள் வீட்டுப் பின்னறையில் வளர்ந்த செடியைப் பற்றி. கஞ்சாச் செடி. முகம் சுளிக்கிறவர்கள் அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்புக்குப் போய்விடலாம்.

இதை எழுத எனக்குப் பயமில்லை. இந்த ஊரில் தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்; தமிழ் படிக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். கோயில் திருவிழா நோட்டீஸிலேயே பாதி பர்மிய எழுத்து. வார்டு ஆபீஸில் ஒருவனுக்கும் தமிழ் தெரியாது. என் மகனுக்கும் படிக்க வராது, அதனால் அவனைப் பற்றி அவனிடம் கேட்காமலே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

2

முதலில் என் தொழிலைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாவிட்டால் பிறகு நடந்ததும் புரியாது.

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி இங்கே உளுந்து கொள்முதல் தொடங்கியபோது, சரக்கைப் பார்த்து வாங்க ஓர் ஆள் வேண்டும் என்று என்னை அனுப்பினார். ஆறு மாதம் என்று சொன்னார். நான் ரங்கூனில் அலோன் பேட்டையில் சரக்குக் கிட்டங்கிக்குப் பக்கத்தில் அறை எடுத்தேன், அதே தெருவில் சாந்தாவைப் பார்த்தேன், கல்யாணம் செய்துகொண்டேன். அவளுடைய கொள்ளுத்தாத்தா துறைமுகத்தில் மூட்டை தூக்க வந்தவர். அவளுக்குத் தமிழ்நாடு என்றால் தொலைக்காட்சியில் வருகிற ஓர் ஊர், அவ்வளவுதான்.

என் வேலை பல்லில் இருக்கிறது. மூட்டைக்குள் குத்தூசியைச் செருகி, நடு வயிற்றிலிருந்து ஒரு பிடி உளுந்தை எடுத்து, முகர்ந்து, நாலு மணியைக் கடித்துப் பார்ப்பேன். சத்தத்தோடு உடைந்தால் காய்ந்த சரக்கு. பல்லில் நசுங்கினால் ஈரம். ஈரச் சரக்கைக் கப்பலில் ஏற்றினால் தூத்துக்குடி போய்ச் சேருவதற்குள் பூஞ்சணம் பூத்துப்போய்விடும். இங்கத்து வியாபாரிகளுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூட்டையின் வாயில் நல்ல சரக்கைப் போட்டு, வயிற்றில் ஈரத்தை அடைத்துத் தைத்துவிடுவார்கள். பிடிபட்டால் சிரிப்பார்கள், தேநீர் வாங்கிக் கொடுப்பார்கள், என் மகனுக்குப் பொம்மை வாங்கி அனுப்புவார்கள். நான் பாஸ் போட்டதில்லை. ஒருமுறை முதலாளியே போனில், "இந்த ஒரு லாட்டை விட்டுடுப்பா, கப்பல் நிக்குது" என்று கெஞ்சினார். முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்தப் பிடிவாதத்தை எல்லோரும் நேர்மை என்று புகழ்வார்கள். எனக்கு அது நேர்மை கூட இல்லை. ஈர வாசம் என் மூக்குக்கு ஆகாது, அவ்வளவுதான்.

வருடா வருடம் இதே மாதத்தில் நான் இங்கே தங்குவதற்கான முத்திரையைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு வார்டு ஆபீஸ் சிபாரிசு வேண்டும். அதே பெஞ்சு, அதே கேள்விகள். அப்பா பெயர், தாத்தா பெயர், மதம், முடியின் நிறம். முடி நரைத்துவிட்டது என்பதை மட்டும் சொல்லிச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்துக்கப்புறமும் என் பர்மிய மொழி கிட்டங்கிப் பர்மிய மொழிதான். கோபம் வந்தால் அதிலுள்ள மரியாதைச் சொற்கள் தானாகக் கழன்று விழுந்துவிடும். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் எனக்கு எப்போதும் கோபம்தான் வரும்.

3

மகனுக்கு வீட்டில் கதிர் என்று பெயர். அடையாள அட்டையில் தூரா. அம்மா வழியில் அவன் இந்த நாட்டுக் குடிமகன். அது ஒரு காலத்தில் எங்களுக்குப் பெருமையாக இருந்தது, முத்திரைக்காக அவன் பெஞ்சில் உட்கார வேண்டாமே என்று.

பிறகு கட்டாய ராணுவ சேவைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். இளவட்டப் பையன்களின் பெயர்களை வார்டு ஆபீஸில் குலுக்கிப் போட்டு எடுப்பார்கள். பெயர் விழுந்தால் போக வேண்டும். விழாவிட்டாலும் ரோட்டில் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று பேச்சு. எங்கள் வீடு ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது. சாந்தா அவனைக் கீழே இறங்கவிடவில்லை. காலேஜ் போயிற்று, ஃபுட்பால் போயிற்று, அக்கரையிலிருக்கிற டாலாவுக்குப் படகில் போய் மீன் வறுவல் தின்கிற ஞாயிற்றுக்கிழமைகள் போயின. ஒரு வருடத்துக்கு மேல் அவன் தெருவை பால்கனியிலிருந்துதான் பார்த்தான்.

இங்கே ஒவ்வொரு பால்கனியிலிருந்தும் தெரு வரைக்கும் ஒரு கயிறு தொங்கும். கீழ் நுனியில் ஒரு பை. மேலே ஒரு மணி. காய்கறிக்காரி கயிற்றை இழுப்பாள், மேலே மணி அடிக்கும், பையில் போடுவாள், நாம் தூக்கிக்கொள்வோம். அவனுக்கு வெளியுலகம் என்பது அந்தப் பைதான். பை நிறையச் சாமான் வரும். ஓர் ஆள்கூட வரமாட்டார்கள்.

நான் உளுந்து வாங்க மக்வே பக்கம் போனால் வாரக்கணக்கில் அங்கேயே கிடப்பேன். ஒருமுறை அப்படிப் போய்விட்டுத் திரும்பி வந்து கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறியது ஒரு வாசனை. வீடு முழுக்கச் சாம்பிராணி. அதற்கு அடியில் வேறொன்று. சாம்பிராணியை வைத்து என் மூக்கை ஏமாற்றப் பார்க்கிறார்கள்! பின்னறைக் கதவைத் திறந்தேன். ஊதா நிற வெளிச்சம், மோட்டார் கார் பேட்டரி இரண்டு, பெயிண்ட் டப்பாக்களில் இடுப்பளவு உயரத்துக்குச் செடிகள். நடுவில் ஸ்டூல் போட்டு என் மகன்.

"என்னடா இது?"

"செடிப்பா."

"என்ன செடி?"

"தெரிஞ்சுதானே கத்துறீங்க. அப்புறம் எதுக்குக் கேக்குறீங்க?"

"பிடிச்சா என்ன ஆகும்னு தெரியுமா உனக்கு?"

"கீழ போனாலும் பிடிப்பாங்க. மேல இருந்தாலும் பிடிப்பாங்க. இதுக்கும் பிடிச்சிட்டுப் போகட்டுமே. பக்கத்து நாட்டுல கடை போட்டு விக்கிறாங்கப்பா."

கன்னத்தில் அறைந்தேன். அவன் நகரக்கூட இல்லை. ஒரு செடியின் தண்டைப் பிடித்து இழுத்தேன். சாந்தா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பிடித்ததில்லை.

"தொடாதீங்க. அது நம்ம சாமான் இல்ல. கோ ஞோவுக்குப் போறது."

4

கோ ஞோ வார்டு ஆபீஸில் எழுத்தர். வீட்டில் யார் யார் தூங்குகிறார்கள் என்று பார்க்க வருகிறவன் அவன்தான். என் முத்திரைக்குச் சிபாரிசு தட்டுகிறவனும் அவன்தான். வெற்றிலை போட்டுக் கறுத்த வாய். என்னைக் கலாஜீ என்றுதான் கூப்பிடுவான். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்களை இங்கே கலா என்பார்கள். சொல்கிறவன் குரலைப் பொறுத்து அது வெறும் சொல்லாகவும் இருக்கும், வசவாகவும் இருக்கும். அவன் குரலில் அது எப்போதும் ஒன்றுதான்.

நான் ஊரில் இல்லாதபோது வீட்டுச் சோதனைக்கு ஏறி வந்திருக்கிறான். அப்போது கதிர், நண்பன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்த விதையில் இரண்டே இரண்டு செடி வைத்திருந்தான். பொழுது போகாமல் வைத்தானாம். கோ ஞோ பின்னறையைப் பார்த்தான். சாந்தா அவன் காலில் விழுந்தாள். அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு, படியில் நின்று, "நல்லா வளத்திருக்கான். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லு. பையன் பேரு குலுக்கல்ல விழாம நான் பாத்துக்கறேன்" என்றானாம்.

அதற்குப் பிறகு அவன் மேலே ஏறவே இல்லை. கீழே நின்று கயிற்றை இழுப்பான். மணி அடிக்கும். சாந்தா ஒரு பொட்டலத்தைப் பையில் வைத்துக் கீழே இறக்குவாள். காய்கறி ஏறி வருகிற அதே பை, அதே கயிறு. தெருவே பார்க்கிறது, யாருக்கும் தெரியவில்லை.

எனக்கு மட்டும் சொல்லவில்லை. "சொன்னா நீங்க வெட்டிப் போட்டுருவீங்க" என்றாள். உண்மைதான். அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. அந்தச் செடியை வெறுத்தேன், அதற்குத் தண்ணீர் ஊற்றுகிற என் மகனை வெறுத்தேன், கீழே நின்று மணி அடிக்கிறவனை வெறுத்தேன். விருதுநகரில் என் அண்ணன் பையன்கள் பைக்கில் சுற்றிக்கொண்டு, "சித்தப்பா, வெளிநாட்டுல ஜாலியா இருக்கீங்க" என்று வாட்ஸாப்பில் அனுப்புகிறார்களே, அவர்களையும் சேர்த்து வெறுத்தேன். ஆனால் மறுநாள் செடி அங்கேயேதான் இருந்தது. என் மகனும் வீட்டில் இருந்தான். அந்த இரண்டில் ஒன்றைப் பிடுங்கினால் மற்றதும் போகும் என்பது எனக்குப் புரிந்துவிட்டது.

5

மழைக்காலத்தில் அடுத்த அறுவடை வந்தது. இந்த ஊர் மழை உங்களுக்குத் தெரியாது. சுவர் வேர்க்கும். தோல் செருப்பில் பச்சை படரும். உப்பு டப்பாவைத் தட்டினால் தண்ணீர் வரும். கதிர் எல்லாவற்றையும் கைபேசியில் பார்த்துக் கற்றவன். அந்தப் படங்களில் ஏசியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் ஓடிக்கொண்டிருக்கும். இங்கே மின்சாரம் வந்தால் தெருவே "மீ லாபீ!" என்று கத்தும். கரண்ட் வந்துவிட்டதாம். கத்தி முடிப்பதற்குள் போய்விடும்.

அறுத்த கொத்துகளைக் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டிருந்தான். நான் அந்தப் பக்கமே போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன். முதல் தடவை போன சரக்கை இழுத்துவிட்டுக் கோ ஞோ இருமினான் என்று சாந்தா சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்தத் தடவையும் கூடத்தில் உட்கார்ந்தபடியே எனக்குத் தெரிந்துவிட்டது. ஈர வாசம். இன்னும் பூஞ்சணம் பூக்கவில்லை, பூக்கப்போகிறது. கிட்டங்கியில் ஒரு மூட்டை அப்படி வாசம் அடித்தால் எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் பொறுத்தேன். மறுநாள் எழுந்து பின்னறைக்குப் போனேன்.

"இப்படிக் கொத்துக் கொத்தா தொங்கவிட்டா நடுவுல எப்படிக் காயும்? அடுப்புக்கு மேல உளுந்து காய வெச்சவன் கூட இப்படிச் செய்யமாட்டான். நகரு."

அவன் நகர்ந்தான். மழைக்காலத்துச் சரக்கை எப்படிக் காப்பாற்றுவது என்பது எனக்குத் தெரிந்த ஒரே வித்தை. அதை இங்கே விளக்கப்போவதில்லை. உங்கள் ஊரிலும் பின்னறைகள் இருக்கின்றன. கிட்டங்கியில் என்ன செய்வேனோ அதைச் செய்தேன், உளுந்துக்குப் பதில் இது. அறையை அடைத்து, பிரித்துப் பரப்பி, புரட்டி, மறுபடி புரட்டி, தினமும் ஒரு காம்பைக் கடித்துப் பார்த்தேன். கசப்பு. நசுங்கியது. மறுநாள் வளைந்தது. ஒரு காலையில் டக்கென்று ஒடிந்தது.

எச்சிலைத் துப்பிவிட்டு, "ம்" என்றேன்.

கதிர் என்னைப் பார்த்துச் சிரித்தான். சிறு வயதில் கிட்டங்கிக்குக் கூட்டிக்கொண்டு போனால் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து அப்படிச் சிரிப்பான். அத்தனை மாதத்தில் நாங்கள் இருவரும் சேர்ந்து செய்த ஒரே வேலை அதுதான். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அன்று வெட்கமாக இல்லை. சரக்கு முதல் தரம்.

அந்த முதல் தரம்தான் எங்கள் கழுத்தில் விழுந்த சுருக்கு.

6

சாந்தாவின் தம்பி ஓர் ஏற்பாடு செய்திருந்தான். எல்லை ஊர் வரைக்கும் பஸ், அங்கிருந்து ஆற்றைக் கடத்திவிட ஓர் ஆள், அந்தப் பக்கம் ஒரு வேலை. பஸ்ஸில் போக வார்டு ஆபீஸ் சிபாரிசுக் கடிதம் வேண்டும். மாமாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்கப் போகிறான் என்று எழுதிக் கொடுத்தால் போதும். கோ ஞோவுக்கு ஒரு பொட்டலம் கூடுதலாகக் கொடுத்தால் தட்டிக் கொடுப்பான் என்று நினைத்தோம்.

கோ ஞோ மேலே ஏறி வந்தான். மூச்சு வாங்க, கையில் ஊறவைத்த தேயிலைப் பொட்டலத்தோடு. லபெத் என்பார்கள், விருந்துக்கு வைப்பது.

"எங்கயும் அனுப்பாதே, கலாஜீ" என்றான். "பையனுக்கு நல்ல கை. இந்தத் தடவை குடுத்தது மாதிரி நான் பாத்ததே இல்ல. எங்க ஆபீஸ் பெரியவருக்குக் குடுத்தேன். அவருக்கும் பிடிச்சுப்போச்சு. இனிமே மாசாமாசம் வேணும்."

"அவன் போயாகணும்."

"போனா யார் போடுவா? பேரு குலுக்கல்ல விழுந்தா அப்புறம் என்னக் கேக்காதே."

என் பர்மிய மொழியிலிருந்து மரியாதை எல்லாம் கழன்று விழுந்தது. நீ, வா, போ என்று அவனிடம் பேசினேன். சாந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அது அவன் கை இல்ல. என் கை. அவன் குடுத்ததை இழுத்துட்டு நீ இருமினே. இருமினியா இல்லியா?"

அவன் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினான்.

"அது ஈரம். பையனுக்கு ஈரம் தெரியாது. எனக்குத் தெரியும்." உள்ளே போய் ஒரு காம்பை எடுத்து வந்து அவன் எதிரில் கடித்து ஒடித்தேன். சத்தம் கேட்டது. "இத என்னால வருஷம் பூரா குடுக்க முடியும். பையனப் போகவிடு."

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். நான் மூட்டையைப் பார்ப்பது போல.

"சரிதான். நீயே நல்லது, கலாஜீ. பையன்னா என்னிக்காவது ஓடிருவான். உனக்கு வருஷா வருஷம் முத்திரை வேணும். நீ எங்க போவே?"

லபெத்தை வைத்துவிட்டு இறங்கிப் போனான். மறுநாள் கடிதம் கயிற்றில் வந்தது.

7

கதிர் போன அன்று வெயில் அடித்தது. க்யிம்யிண்டைங் மார்க்கெட்டுக்குப் போவது போல ஒரு கூடையைக் கையில் கொடுத்தாள் சாந்தா. அவனுடைய செருப்பு ஒரு வருடமாகக் கதவோரம் கிடந்து காய்ந்து வெடித்திருந்தது, என்னுடையதைப் போட்டுக்கொண்டான். இரண்டு மாடி இறங்குவதற்குள் நடந்து பழக்கம் விட்டுப்போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டான். இருபது வயதுப் பையன், கிழவன் மாதிரி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு. நான் அவன் கையைப் பிடித்து இறக்கினேன். மூன்றாம் மாடியில் மொய்தீன் பாய் வீட்டுக் கதவு திறந்திருந்தது. அவருடைய மகன் இஸ்மாயில் வாசலில் உட்கார்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். கதிரோடு ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவன். கூடையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான். கையைத் தூக்கினான்.

தெருமுனையில் கதிர் நின்றான். ஏதாவது சொல்வான் என்று நினைத்தேன்.

"தண்ணி ரொம்ப ஊத்தாதீங்கப்பா. வேர் அழுகிரும்."

அதுதான் அவன் சொன்னது. இன்னொரு அறை விடலாமா என்றிருந்தது. தலையை ஆட்டிவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆற்றைக் கடந்துவிட்டான் என்ற செய்தி வரும் வரை சாந்தா சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன், குறைவாக.

இப்போது அவன் அந்தப் பக்கத்தில் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். என்ன கடை என்று கேட்காதீர்கள். பச்சை விளக்கில் இலை வரைந்த போர்டு, கண்ணாடி ஜாடிகள், ஜாடிக்கு ஒரு பெயர். வீடியோவில் திருப்பிக் காட்டினான். இங்கே ஆயுளைச் சிறையில் கழிக்க வைக்கும் சாமான் அங்கே ஊறுகாய் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருக்கிறது. "நம்மளது இதைவிட நல்லா இருந்திச்சுப்பா" என்றான். பிறகு பேச்சு பர்மிய மொழிக்குப் போய்விட்டது. இப்போதெல்லாம் தமிழில் "சாப்டாச்சா" வரைக்கும்தான் வருகிறான். நடுவில் யாரோ தாய்லாந்து மொழியில் கூப்பிட, அதிலேயே பதில் சொல்லிவிட்டு ஓடுகிறான். அவன் மூன்றாவதாக ஒரு மொழிக்குள் போய்க்கொண்டிருக்கிறான். அங்கே எனக்குக் கிட்டங்கி அளவுக்குக்கூட இடமில்லை.

நான் இங்கே விவசாயி. உளுந்து வாங்கப் போகிற வேலையைக் குறைத்துக்கொண்டேன். சாம்பிராணி நான்தான் போடுகிறேன். பக்கத்து வீட்டு அம்மா, "உங்க வீட்டுக்காரரு இப்பத்தான் பக்தியா மாறிட்டாரு" என்று சாந்தாவிடம் சொன்னாராம்.

8

போன மாதக் குலுக்கலில் இஸ்மாயில் பெயர் விழுந்தது.

படியில் மொய்தீன் பாயைப் பார்த்தேன். கையில் மகனுக்கு வாங்கிய புதுப் போர்வை. "உங்க புள்ள அந்தப் பக்கம் போய்ச் சேந்துட்டான்லா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லது தம்பி. ஒருத்தனாவது போனானே" என்று சொல்லிவிட்டு ஏறினார். அவர் குரலில் குத்தல் இல்லை. குத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

குலுக்கல் என்றால் யார் பெயராவது விழுந்தே ஆக வேண்டும். எங்கள் பெயரை எடுத்து ஒதுக்கி வைத்த ஒவ்வொரு முறையும் மற்ற பெயர்கள்தான் உள்ளே கிடந்தன. இது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் காம்பைக் கடித்தேன்.

அன்று சாயங்காலம் மணி அடித்தது. பால்கனியிலிருந்து குனிந்தேன். கோ ஞோ கீழே நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, நல்ல காரியம் செய்தவன் முகத்தோடு கத்தினான்.

"மூணாம் மாடி போயிருச்சு, கலாஜீ! பாத்தியா, உங்க வீட்ட நான் எப்படிக் காப்பாத்தினேன்னு? பெரியவருக்கு விருந்து இருக்கு. ஞாயித்துக்கிழம நிறையா வேணும்."

மூன்றாம் மாடிக் கதவு திறந்திருந்ததா மூடியிருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. திறந்திருந்தால் அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

சரி என்று கையைக் காட்டினேன்.

அறுத்தேன். கொத்துக் கொத்தாக, நடுவில் காற்றுப் போகாதபடி நெருக்கித் தொங்கவிட்டேன். ஜன்னலைத் திறந்து மழைக்காற்றை உள்ளே விட்டேன். புரட்டவில்லை. இரண்டாம் நாள் கூடத்துக்கு வாசம் வந்தது. சோறு இறங்கவில்லை. எழுந்து போய்ப் பிரித்துப் போடச் சொல்லிக் கை பரபரத்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சாந்தா வந்து முகர்ந்து பார்த்தாள். இத்தனை வருடம் என்னோடு குடித்தனம் நடத்தியவளுக்கு ஈரம் தெரியாதா?

"பூக்குதுங்க. பிரிச்சுப் போட வேணாமா?"

"வேணாம்."

பிறகு உள்ளே போய் ஒரு துணிப் பையை எடுத்து வந்து, வாயை விரித்துப் பிடித்துக்கொண்டாள்.

அடியில் பூத்த சரக்கை அடைத்தேன். நன்றாக அமுக்கி. பையின் வாயில் ஒரு பிடி பழைய சரக்கு, முதல் தரம், டக்கென்று ஒடிவது. இங்கத்து வியாபாரிகள் என்னிடம் எத்தனை முறை செய்து பார்த்த வேலை. எப்படிச் செய்வது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பையைக் கயிற்றில் இறக்கினேன். கோ ஞோ அவிழ்த்தான். வாயில் மூக்கை வைத்து முகர்ந்தான். ஒரு காம்பை எடுத்து, என்னிடம் பார்த்துக் கற்றுக்கொண்டபடி, கடித்து ஒடித்தான். அண்ணாந்து பார்த்துக் கட்டை விரலைக் காட்டினான்.

"கோன்டே, கலாஜீ!" அருமை என்று அர்த்தம்.

உள்ளே கையை விட்டுப் பார்க்கவில்லை. என் சரக்கில் அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை.

அன்று சாயங்காலமே செடிகளை வேரோடு பிடுங்கி, நறுக்கி, அழுகிய காய்கறியோடு சேர்த்து மூட்டை கட்டிக் குப்பைக்கு அனுப்பினோம். பேட்டரியைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டாயிற்று. பெயிண்ட் டப்பாக்களில் சாந்தா கறிவேப்பிலை வைக்கலாமா என்று கேட்டாள், பிறகு அவளே, எதற்கு என்று சொல்லிக் கவிழ்த்துவிட்டாள். இந்த மாதம் நான் முத்திரைக்குப் போகவில்லை. அந்தப் பெஞ்சில் இனி உட்கார மாட்டேன். அடுத்த வாரம் இருவரும் சென்னைக்கு விமானம் ஏறுகிறோம். இதை நீங்கள் அச்சிடும்போது நான் உங்கள் ஊரில் இருப்பேன். அத்தோ வாங்கிக் கொடுக்கிறேன் என்று யாரும் வர வேண்டாம்.

இருபத்தைந்து வருடத்தில் நான் பாஸ் போட்ட ஒரே ஈரச் சரக்கு அது. பெரியவரின் விருந்து நேற்று முடிந்திருக்க வேண்டும். இன்று காலையிலிருந்து மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. கயிற்றை அறுத்துவிடலாமா என்று சாந்தா அரிவாள்மணையோடு வந்து கேட்டாள்.

வேண்டாம் என்றேன். இழுத்து இழுத்து அவன் கை வலிக்கட்டும்.